தொங்கவிட்டு முறுக்கின போல்ட்

எங்க அண்ணன் வாழ்க்கையில பாதி மல்லாக்கப் படுத்தே போயிருக்கு. தூங்கின்னு நெனைச்சுடாதீங்க, காருக்கு அடியில. மீதிப் பாதி, கார்க்காரங்க சொல்ற சத்தத்தையெல்லாம் கேட்டே போயிருக்கு. "மேடு ஏறி இறங்கும்போது கீச்சுன்னு கேக்குது"ம்பாரு ஒருத்தர். "எலி கத்துற மாதிரி இருக்கு"ம்பாரு இன்னொருத்தர். "எங்க மாமியார் என்னைக் கூப்பிடுற மாதிரியே இருக்குங்க"ன்னு ஒரு மனுஷன் சொல்லிட்டு, பின்னாடி சீட்டுல மாமியார் உக்காந்திருக்கிறதை அப்புறம்தான் பாத்தாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேப்பான்: "எண்ணெய் ஏதாவது ஊத்தினீங்களா?"

ஊத்தியிருந்தா போச்சு, அன்னைக்கு முழுக்க அந்த ஆளுக்குத் திட்டுதான். மருந்துக்கடைக்காரர் ஒரு தடவை வீட்டுல இருந்த சமையல் எண்ணெயைக் கொண்டுபோய் ஊத்திட்டாரு. ரெண்டு நாள் சத்தம் அடங்கிச்சாம். மூணாம் நாள் எறும்பு வந்துடுச்சு. அடியில படுத்த அண்ணன் சட்டை முழுக்க எறும்போட எந்திரிச்சு, "ஏங்க, ஊருக்கே மருந்து குடுக்கிற ஆளு, ரப்பருக்கு விஷம் குடுக்கலாமா?"ன்னு கத்தினான். அவரு அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாரே தவிர கோவிச்சுக்கல. அண்ணன்கிட்ட திட்டு வாங்கினவங்க யாரும் வேற கடைக்குப் போனதில்ல.

அவன் தொடுறது ஒண்ணே ஒண்ணுதான், புஷ். காரோட உடம்புக்கும் சக்கரத்தைத் தாங்குற இரும்புக் கைக்கும் நடுவுல, ரெண்டு குழாய்க்கு இடையில ஒட்டியிருக்கிற ரப்பர் அது. நம்ம முட்டியில இருக்கிற ஜவ்வு மாதிரின்னு வெச்சுக்கோங்க. பல வருஷம் ஓடின பழைய கார்ல அது காஞ்சு, கிழிஞ்சு, கத்த ஆரம்பிக்கும். இருபது வயசுல அண்ணன் ஒரு பெரிய பட்டறையில வேலை பாத்தான். அங்க இருந்த மேஸ்திரி, "ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அனுப்புடா, சத்தம் திரும்பி வந்தா காரும் திரும்பி வரும், நமக்கு நல்லதுதானே"ன்னு சொல்லியிருக்காரு. இவன் மாட்டேன்னுட்டான். அன்னைக்கு சாயங்காலமே வெளிய அனுப்பிட்டாங்க. அச்சகத்துக்குப் பின்னாடி ஒரு தகரக் கொட்டகையைப் பிடிச்சு, நடுவுல ஒரு குழி வெட்டி, தனியா ஆரம்பிச்சான். 'கீச்சு மெக்கானிக்'னு பேரு வெச்சது வாடிக்கைக்காரங்க. முதல்ல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான். அப்புறம் அவனே பலகையில எழுதி மாட்டிட்டான்.

அந்தக் கொட்டகையில ஒரு வழக்கம் உண்டு, அதை நீங்க தெரிஞ்சுக்கணும். புது புஷ் போட்டதும் போல்டைக் கையால மாட்டி விட்டுடணும், இறுக்கக் கூடாது. காரை ஜாக்கியில இருந்து இறக்கி, நாலு சக்கரமும் தரையில நின்னு, ஓட்டுற சீட்டுல ஒரு ஆள் உக்காந்த பிறகுதான் அண்ணன் குழிக்குள்ள இறங்கிக் கடைசி முறுக்கு முறுக்குவான். ஏன்னா அந்த ரப்பர், கார் நிக்கிற நிலையில நிம்மதியா இருக்கணும். சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே முறுக்கிட்டா, அப்புறம் கார் தரையில நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் ரப்பர் திருகிக்கிட்டே நிக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, பளபளன்னு புதுசா இருக்கும். அஞ்சாறு வாரத்துல கிழிஞ்சு, பழைய சத்தத்துக்கு மேல கத்தும்.

சீட்டுல உக்கார்ற அந்த ஆள் நான்தான். பள்ளிக்கூடம் முடிச்ச வருஷத்துல இருந்து, "உக்காரு பாப்பா"ன்னு குழிக்குள்ள இருந்து அண்ணன் குரல் வரும், நான் போய் உக்காருவேன். எத்தனை காரு! சீட்டு கிழிஞ்ச காரு, ரேடியோ மட்டும் பாடுற காரு, கண்ணாடி இறங்காத காரு. என் வயசு நாப்பதைத் தாண்டியும் நான் பாப்பாதான். "கையில துடைப்பம் கூட எடுக்காம உக்காந்தே சம்பாதிக்கிற ஒரே பொம்பளை நீதான்"னு அண்ணி கிண்டல் பண்ணும். அப்பா அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடுன்னா அந்தத் தகரக் கொட்டகைதான். வாடிக்கைக்காரங்களுக்குப் பேர் எழுதுறதும், அவங்க கதையைக் கேக்குறதும், சீட்டுல உக்கார்றதும்தான் என் வேலை.

எங்க வீட்டுக்காரர் பக்கத்து லேத்துப் பட்டறையில இருந்தாரு. புஷ்ஷை அழுத்தி ஏத்துற பிரஸ்ஸை எங்களுக்கு செஞ்சு குடுத்தது அவருதான். சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தம், வேலை சுத்தம், பேச்சு கம்மி. அந்த கம்மிப் பேச்சுல நான் மயங்கினேன், அண்ணனும் மயங்கினான். "இந்த மாதிரி ஒரு ஆளு நம்ம வீட்டுல இருந்தா நல்லா இருக்கும்ல?"ன்னு என்னைக் கேட்டான். கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை கொட்டகைக்குள்ளயே வந்து சேந்தாரு. பதினோரு வருஷம், ரெண்டு பேரும் ஒரே தூக்குல சாப்பிட்டாங்க, ஒரே துணியில கை துடைச்சாங்க. போன வருஷம் அண்ணனுக்கு வலது தோள்ல சதை கிழிஞ்சு, பலமா ஸ்பேனர் பிடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப, கடைசி முறுக்கை மாப்பிள்ளைகிட்டதான் குடுத்தான். வேற யாருக்கும் அதைக் குடுத்திருக்க மாட்டான், எனக்குத் தெரியும்.

அதுக்கப்புறம் ஒருநாள் எங்க வீட்டுக்காரர் தனியாக் கடை போடப்போறேன்னு சொன்னாரு. நான் பயந்தேன். அண்ணன் கையைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்தான். "போடுங்க மாப்பிள்ளை, காலம் முழுக்க என் குழியிலயேவா கிடப்பீங்க? அந்த பிரஸ்ஸைக் கொண்டு போங்க, நீங்க செஞ்சதுதானே. ஒரு மூணு மாசம் மட்டும் இருந்து என் தோள் தேறுற வரைக்கும் பாத்துக் குடுத்துட்டுப் போங்க"ன்னான். இவரும் "அதுக்கென்ன மச்சான்"னாரு.

அந்த மூணு மாசத்துல ஒரு விஷயம் நடந்துச்சு. நடந்துச்சுன்னு சொல்றதை விட, நடக்கலன்னு சொல்லணும். என்னை யாரும் சீட்டுல உக்காரச் சொல்லி கூப்பிடல. அண்ணன் பாதி நாள் தோளுக்கு வைத்தியம் பாக்கப் போயிடுவான், கடைசி முறுக்கு நேரத்துல இவரு மட்டும்தான் இருப்பாரு. "நான் உக்காரட்டுமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டேன். "நீ இரு, உனக்கு முதுகுவலி. நான் மணல் மூட்டையை வெச்சுக்கிறேன்"னாரு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? காது குளிர்ந்துடுச்சு. கம்மிப் பேச்சுக்காரர் என் முதுகுவலியை ஞாபகம் வெச்சிருக்காரேன்னு பக்கத்து வீட்டுல போய்ப் பெருமை வேற அடிச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

புதுக்கடை மெயின் ரோட்டுல. கண்ணாடிக் கதவு, பெயின்ட் வாசம், வரிசையா பிளாஸ்டிக் நாற்காலி, எனக்குன்னு ஒரு கவுன்ட்டர். திறப்புக்கு அண்ணனும் அண்ணியும் வந்து, அண்ணன் கையாலயே பலகையை மாட்டினான். அதுதான் கடைசி. அதுக்கப்புறம் அவங்க வரல. சரி, வேலையா இருப்பாங்கன்னு விட்டேன்.

ஒரு மாசம் போச்சு. ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க, எல்லாம் நம்ம பழைய ஆளுங்க. மருந்துக்கடைக்காரர்தான் முதல். "என்னம்மா, உங்க அண்ணன் புஷ் போட்டு ரெண்டு மாசம் ஆகல, மறுபடியும் கத்துது. நான் எண்ணெய் ஊத்தலம்மா, சத்தியமா ஊத்தல"ன்னாரு. அடுத்த வாரம் இன்னும் ரெண்டு பேரு. "கீச்சு மெக்கானிக் கீச்சை உள்ள வெச்சே அனுப்புறாரு"ன்னு ஒரு ஆள் ஜோக் அடிச்சு, நாற்காலியில இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "மச்சானைக் குத்தம் சொல்லாதீங்க, தோள் போயிடுச்சு, கை தளர்ந்துடுச்சு"ன்னு பரிதாபமாச் சொன்னாரு. அப்பகூட பாருங்க, எங்க அண்ணனுக்கு எப்படிப் பரிஞ்சு பேசுறாருன்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு.

அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கல. அண்ணிக்குப் போட்டா, "ஆங், நல்லாருக்கோம். அடுப்புல வேலை இருக்கு, வெச்சுடட்டுமா?"ன்னு கேட்டு, நான் பதில் சொல்றதுக்குள்ள வெச்சுடும். தொழில்ல அடி விழுந்திருக்கு, தங்கச்சிகிட்ட சொல்ல வெக்கப்படுறாங்கன்னு நானா ஒரு காரணம் கண்டுபிடிச்சு வெச்சுக்கிட்டேன். போய்ப் பாத்தா அவன் மனசு இன்னும் நொந்துடுமோன்னு போகாம இருந்தேன்.

இப்படியே இன்னும் நாலு மாசம் ஓடுச்சு. காரை எப்பவாவதுதான் வெளிய எடுக்கிற டீச்சர் அப்பதான் வந்தாங்க. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்குடுத்து ரிட்டையர் ஆனவங்க, வெள்ளைக் கார், உருண்டை விளக்கு, அண்ணனோட முதல் வாடிக்கை. எங்க வீட்டுக்காரர் அந்த நேரம் சாமான் வாங்க வெளிய போயிருந்தாரு. டீச்சர் உக்காரக்கூட இல்ல.

"உங்க அண்ணன்கிட்டதான் முதல்ல போனேன். அடியில படுத்துப் பாத்தாரு. எந்திரிச்சு, 'வேற எங்கயாவது காட்டிக்கோங்க டீச்சர், நான் இந்த மாசத்தோட கடையை மூடுறேன்'னாரு. ஏதோ கிடங்கு வாசல்ல காவலுக்கு உக்கார்ற வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காராம். உனக்குத் தெரியுமா?"

எனக்கு எங்க தெரியும்? என்னால நம்ப முடியல. ஒரு கீச்சு நிக்கலன்னா மூணு நாள் சாப்பிடாம அதே காருக்கு அடியில கிடக்கிற ஆளு, வேற எங்கயாவது காட்டுங்கன்னு சொன்னானா? என் தாய்வீட்டைப் பூட்டப் போறாங்க, எனக்கு அதை ஒரு வாடிக்கைக்காரங்க வந்து சொல்லவேண்டியிருக்கு.

"இருங்க டீச்சர், நானே பாக்குறேன்"னு முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, காரைக் குழி மேல நிறுத்தச் சொல்லி, விளக்கைப் பிடிச்சுக்கிட்டு உள்ள இறங்கினேன். இத்தனை வருஷம் சீட்டுலயே உக்காந்திருந்தா ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. கார் நாலு சக்கரத்துல நின்னுக்கிட்டிருந்துச்சு. புஷ் புதுசு, ஆனா ஓரத்துல கிழிசல். போல்டுல ஸ்பேனரை மாட்டி, உடம்பு பலத்தையெல்லாம் போட்டுத் தளர்த்தினேன். டங்குன்னு ஒரு சத்தம். உள்குழாய் தானாத் துள்ளி, கால் சுத்து திரும்பி நின்னுச்சு.

தரையில நிக்கும்போது முறுக்கின போல்ட் அப்படித் துள்ளாது. அது எனக்குத் தெரியும், கொட்டகையில இருந்த எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தையும் தளர்த்தினேன், அதுவும் துள்ளிச்சு. ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு முறுக்கினது. கைத்தவறு ஒரு பக்கம் வரலாம். பதினோரு வருஷம் இதே வேலை செஞ்ச ஆளுக்கு ரெண்டு பக்கமும் வராது. குழிக்குள்ள நின்னுக்கிட்டு விரல் விட்டு எண்ணினேன். மருந்துக்கடைக்காரர் காரு, அந்த ஜோக் அடிச்ச ஆளோட காரு, டீச்சர் காரு, இன்னும் ஆறு. ஒன்பது காரும் அந்த மூணு மாசத்துல போனது. ஒன்பதுலயும் என்னை உக்காரச் சொல்லல. மணல் மூட்டைன்னாரே, அந்தக் கொட்டகையில மணல் மூட்டைன்னு ஒண்ணு இருந்ததை நான் கண்ணால பாத்ததே இல்ல.

அடப்பாவி! கூடவே இருந்து இப்படியா குழி பறிப்பாங்க?

மேல ஏறி வரும்போது அவரு வந்துட்டாரு. என் கையில ஸ்பேனரையும் மூஞ்சியில கிரீஸையும் பாத்ததும் அவரு முகத்துல ஈயாடல. டீச்சர் இருக்காங்கன்னுகூட நான் பாக்கல.

"தொங்கவிட்டு முறுக்கினீங்களா?"

"என்ன உளர்றே?"

"ரெண்டும் துள்ளிச்சு. வாங்க, இறங்கிப் பாருங்க."

கண்ணாடிக் கதவைச் சாத்திட்டு வந்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு. "உங்க அண்ணன் அந்தக் குழியில இருக்கிற வரைக்கும் என்கிட்ட எவன் வருவான்? நான் எத்தனை நல்லாச் செஞ்சாலும் 'கீச்சு மாப்பிள்ளை'ன்னுதானே சொல்றானுங்க. எனக்குன்னு ஒரு பேரு இருக்கா? உனக்காகவும்தான் செஞ்சேன். வெறும் ரப்பர்தானே, யார் உயிரும் போயிடல."

"என்னை ஏன் கூப்பிடல?"

"உன்னைக் கூப்பிட்டிருந்தா நீயும் தெரிஞ்சு செஞ்ச மாதிரி ஆயிருக்கும். உன்னை இதுல இழுக்க வேண்டாம்னுதான்."

எனக்கு நல்லது பண்ணினாராம்! நான் கத்தின கத்துல ரோட்டுல போனவங்க நின்னு பாத்தாங்க. என்னென்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. பதினோரு வருஷம் தன் தட்டுல பாதியைத் தள்ளி வெச்சவனை, பிரஸ்ஸைத் தூக்கிக் குடுத்தவனை, கூடப் பிறந்தவன் மாதிரி நம்பினவனை! இப்பவும் அவரு, இவருன்னுதான் சொல்றேன், கவனிச்சிருப்பீங்க. மரியாதை வாயில ஒட்டிக்கிட்டிருக்கு, மனசுல இல்ல.

டீச்சர் வந்து என் கையைப் பிடிச்சாங்க. நான் மறுபடி இறங்கி ரெண்டு போல்டையும் முறுக்கினேன். அவங்க கார்லயே கொட்டகைக்குப் போனோம். வழியெல்லாம் கார் கீச்சுக்கீச்சுன்னு கத்திக்கிட்டே வந்துச்சு. எனக்கு ஒரே நெனப்புதான். நிஜத்தை அண்ணன் காதுல போட்டுட்டா போதும், கடையை மூட மாட்டான். அவன் கை தளரல, அவன் பேர்ல குத்தம் இல்ல.

கொட்டகையில பாதி சாமான் பெட்டிக்குள்ள போயிருந்துச்சு. சுவத்துல ஸ்பேனர் தொங்கின ஆணியெல்லாம் காலி. அண்ணன் தரையில உக்காந்து நட்டுகளை அளவு பாத்துப் பிரிச்சுக்கிட்டிருந்தான், அண்ணி பக்கத்துல பழைய செய்தித்தாளை வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா சுத்திக்கிட்டிருந்துச்சு. என்னைப் பாத்து ரெண்டு பேரும் எந்திரிக்கல.

நான் நின்னபடியே எல்லாத்தையும் கொட்டினேன். போல்ட் துள்ளினது, ஒன்பது காரு, மணல் மூட்டை, அவரு சொன்ன பதில். மூச்சு வாங்குச்சு. அண்ணன் கையில இருந்த நட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"தெரியும்"னான்.

"என்ன தெரியும்?"

"மருந்துக்கடைக்காரர் காரு முதல்ல என்கிட்டதான் திரும்பி வந்துச்சு. தளர்த்தினேன், துள்ளிச்சு. அப்பவே தெரியும். அந்தக் காரைத் தொட மனசு வரல, வேற எங்கயாவது காட்டச் சொல்லி அனுப்பிட்டேன்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே? ஊரே உன்னைப் பாத்துச் சிரிக்குதுண்ணே! ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"மாப்பிள்ளை பேரு கெட்டா உன் பேரும்தானே கெடும்."

"என் பேரு கெடட்டும். நீ கடையை மூடாத. ஒன்பது வீட்டுக்கும் நானே நடந்து போறேன். என் புருஷன்தான் இப்படிச் செஞ்சாருன்னு என் வாயாலயே சொல்றேன். நாளைக்கே போறேன்."

அண்ணன் அப்பதான் தலையை நிமிர்த்தி என்னை நல்லாப் பாத்தான். அண்ணியைப் பாத்தான். மறுபடியும் என்னைப் பாத்தான்.

"அப்போ, நிஜமாவே உனக்குத் தெரியாதா?"

எனக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் பெட்டி மேல அப்படியே உக்காந்துட்டேன்.

அண்ணிதான் பேசிச்சு. "எப்பவும் சீட்டுல உக்கார்றவ நீ. நீ உக்காராம ஒன்பது காரு வெளிய போயிருக்கு. நீ உங்க அண்ணன்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லல. புதுக்கடை கவுன்ட்டர்ல உக்காந்திருக்கே. நாங்க வேற என்னம்மா நெனைக்கிறது?"

நானும் சேந்துதான் செஞ்சேன்னு நெனைச்சிருக்கான். நாலு மாசம். எங்க அண்ணன், என்னை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே"ன்னேன். "திட்டியிருக்கலாம், வந்து அறைஞ்சிருக்கலாம். 'நீயா பாப்பா'ன்னு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

அண்ணன் கிரீஸ் கையாலயே கண்ணைத் துடைச்சுக்கிட்டான். மூஞ்சியெல்லாம் கறுப்பாச்சு.

"எத்தனையோ தடவை போனைக் கையில எடுத்தேன். கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டேன்னா நான் என்ன பண்றது?"

ஒன்பது வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, புருஷன் பண்ணினதைச் சொல்லிட்டு வந்தேன். அண்ணன் கடையை மூடல. ஒன்பது காரும் திரும்பி வந்து, மறுபடி புஷ் மாத்தி, சத்தமில்லாமப் போச்சு. நான் புதுக்கடைக்கும் போறதில்ல, கொட்டகைக்கும் போறதில்ல. மருந்துக்கடையில டாக்டர் எழுதின சீட்டைப் பாத்து மாத்திரை எடுத்துக் குடுக்கிற வேலைக்குப் போறேன். வீட்டுல இவருக்குச் சாப்பாடு வைக்கிறேன், பேசுறதில்ல.

அண்ணன் இப்பல்லாம் தினமும் போன் பண்றான். சாப்டியான்னு கேப்பான், முதுகு எப்படி இருக்குன்னு கேப்பான். எடுத்துப் பேசுறேன், சிரிக்கக்கூடச் செய்யறேன். புருஷன் பண்ணினதுக்கு என்னால நடுரோட்டுல நின்னு கத்த முடிஞ்சுது. இதுக்கு யார்கிட்ட போய்க் கத்துறது? போனை வெச்ச பிறகும், அண்ணன் நாலு மாசமா கேக்காம விட்டானே ஒரு கேள்வி, அதுக்கு நான் உள்ளுக்குள்ள "இல்லண்ணே, நான் இல்லண்ணே"ன்னு பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன்.